கொடிக்கும் உறுதி உண்டு

ஒரு காணியைப் பற்றி வழக்கு எழுந்தால் நீதிமன்றம் முதலிற் கேட்பது உறுதியை. வேலி எங்கே நிற்கின்றது, கிணற்றை வெட்டியவர் யார், எல்லைப் பனையை நட்டது எவருடைய பாட்டன் என்பன பின்னர் வரும் கேள்விகள். கொடிகளைப் பற்றிப் பேசுவோரோ இந்த முதற் கேள்வியைக் கேட்பதேயில்லை. எத்தனை நிறம், எந்த விலங்கு, எந்தக் கையில் வாள் என்பதோடு அவர்களுடைய ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. அந்நிறம் முன்னர் எவருடைய சொத்தாக இருந்தது, எந்த உரிமையின் பேரில் இன்று ஒரு மக்கட் கூட்டத்தின் தலைக்கு மேலே பறக்கின்றது, அம்மக்கள் அதற்கு எப்போது இணங்கினர் என்று விசாரிப்போர் மிகச் சிலரே.

அவ்வாறு விசாரித்துப் பார்ப்பதற்கு வாய்ப்பான நாடு ஒன்று ஐரோப்பாவின் நடுவே உள்ளது. சுவிற்சர்லாந்துக்கும் ஒஸ்திரியாவுக்கும் இடையில், ரைன் ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்த லீக்டன்ஸ்டைன் என்னும் சிற்றரசே அது. பரப்பு 160 சதுர கிலோமீற்றர். குடிசனம் ஏறத்தாழ 40,000. இவ்வளவு சிறிய நாட்டுக்குத் தனிக்கொடி ஒரு கேடா என்று நகைப்போரும் உளர். நகைப்பவர்கள் நகைக்கட்டும். அந்நாட்டின் கொடியை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. அந்நாட்டு மண் விலைக்கு வாங்கப்பட்ட மண். வாங்கியவர் யார், விற்றவர் யார், விலை எவ்வளவு என்பது வரை ஏட்டில் உள்ளது. பெரிய வல்லரசுகளின் பிறப்பு வரலாறு போர்ப் புகையில் மறைந்து கிடக்க, இச்சிற்றரசின் பிறப்பு நொத்தாரிசின் ஏடு போலத் தெளிவாகக் கிடக்கின்றது.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வாடுஸ், ஷெலன்பேர்க் என்னும் இரு பகுதிகளையும் ஆண்டவர்கள் ஹொஹெனெம்ஸ் என்னும் குடும்பத்தினர். கடன் கழுத்தளவுக்கு ஏறியிருந்தது. போதாக்குறைக்கு, சூனியம் செய்தனர் என்று குற்றஞ்சாட்டிக் குடிமக்கள் பலரைக் கொன்று அவர்தம் சொத்தையும் பறித்தனர். முறைப்பாடு பேரரசரின் செவிக்கு எட்டியது. பேரரசின் விசாரணை நடைபெற்றது. ஆட்சி அவர்கள் கையிலிருந்து எடுக்கப்பட்டது. கடனைத் தீர்க்க நிலத்தை விற்பதன்றி வேறு வழியில்லை என்ற நிலை வந்தது. வாங்க முன்வந்தவர் வியன்னாவிலே பெருஞ் செல்வராய் வாழ்ந்த யோகான் ஆதாம் என்னும் லீக்டன்ஸ்டைன் குடும்பத் தலைவர். 1699இல் ஷெலன்பேர்க்கை 115,000 குல்டனுக்கும், 1712இல் வாடுஸை 290,000 குல்டனுக்கும் வாங்கினார்.

பொகீமியாவிலும் மொறாவியாவிலும் அவருக்கு இருந்த நிலபுலங்களோடு ஒப்பிட்டால் இந்த ரைன் கரைப் பள்ளத்தாக்கு ஒரு மூலைத் தோட்டம். ஆயினும் ஒரு சிறப்பு அதற்கு இருந்தது. இடையில் வேறொரு பிரபு இல்லாமல் நேரே பேரரசருக்குக் கீழ்ப்பட்ட நிலம் அது. அத்தகைய நிலத்தை உடையவருக்கே பேரரசின் மன்றத்தில் ஆசனம் உரித்தாகும். ஆசனம் வேண்டியே நிலம் வாங்கப்பட்டது. நிலத்தோடு அதில் வாழ்ந்த உழவரும் கைமாறினர். 1699இல் பெண்டேர்ன் என்னும் ஊரின் தேவாலயக் குன்றிலே ஷெலன்பேர்க் ஆடவர் திரண்டு புதிய உடையவருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தனர். 1719 சனவரி 23ஆந் திகதி ஆறாம் சார்ள்ஸ் பேரரசர் இரு பகுதிகளையும் ஒன்றாக்கிச் சிற்றரசாக உயர்த்தி, வாங்கியவரின் குடும்பப் பெயரையே நாட்டுக்கும் சூட்டினார். ஊரின் பெயர் குடும்பத்துக்கு வருவதுதான் உலக வழக்கு. இங்கே குடும்பத்தின் பெயர் நாட்டுக்கு வந்தது. அக்குடும்பப் பெயரும் வியன்னாவுக்கு அண்மையிலுள்ள ஒரு கோட்டையின் பெயரேயன்றி ரைன் கரைக்கு உரியதன்று.

வாங்கியவர்கள் தமது நாட்டை வந்து பார்த்தார்களா? ஆட்சியிலிருந்த ஒரு சிற்றரசர் அம்மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்தது 1842இல். நாடு பெயர் பெற்று 123 ஆண்டுகளின் பின்னர்! நிலையாகக் குடியேறியவர் 1938இல் ஆட்சிக்கு வந்த இரண்டாம் பிரான்ஸ் யோசெப். அதுவரை வியன்னாவிலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரிகளே ஆட்சி நடத்தினர்.

இனிக் கொடிக்கு வருவோம். வாடுஸை முன்னர் ஆண்ட வேர்டென்பேர்க் கோமான்களும் அவர்களுக்கு உறவான மொன்ற்போர்ட் கோமான்களும் கொடியையே தமது கேடயச் சின்னமாகக் கொண்டிருந்தவர்கள். கீழே மூன்று தொங்கல்கள் உள்ள தேவாலயக் கொடி அது. சிங்கமும் கழுகும் பொறித்த பிரபுக்களின் நடுவே கொடியைப் பொறித்த குடும்பம் என்பதனாலே நமக்கு அது சுவையான செய்தி. புதிதாக வந்த லீக்டன்ஸ்டைன் குடும்பத்தின் கேடயமோ மேலே பொன், கீழே சிவப்பு. வேறு உருவம் யாதுமில்லை. ஆகவே பொன்னும் சிவப்புமே அக்குடும்பத்தின் நிறங்கள்.

அவ்வாறாயின் இன்று வாடுஸிலே பறக்கும் கொடியில் உள்ள நீலம் எங்கிருந்து வந்தது? 1764ஆம் ஆண்டளவில் சிற்றரசரின் அரண்மனை ஏவலாளர் அணிந்த சீருடையின் நிறங்கள் நீலமும் சிவப்பும். வாயிற் காவலரும் வண்டி ஓட்டுவோரும் உணவு பரிமாறுவோரும் உடுத்த துணி அது. எசமானுக்குப் பொன்னும் சிவப்பும். ஏவலாளருக்கு நீலமும் சிவப்பும். இந்த இரண்டாவது இணையே காலப்போக்கில் நாட்டின் நிறமாயிற்று. நாட்டையும் வீட்டுப் பணியாட்களையும் ஒரே கணக்கில் வைத்திருந்த ஒரு காலத்தின் அடையாளம் என்று இதனைக் கொள்ளலாம். அன்றி, எசமானின் நிறத்தைவிட ஏவலாளரின் நிறமே மக்கள் கண்ணுக்கு அடிக்கடி பட்டது என்றும் கொள்ளலாம். ஆண்டவரைக் காணாத குடிகள் அவருடைய ஏவலாளரையாவது கண்டிருப்பர் அல்லவா?

பத்தொன்பதாம் நூற்றாண்டை விரைந்து கடந்துவிடலாம். 1806இல் நெப்போலியன் அமைத்த ரைன் கூட்டமைப்பில் லீக்டன்ஸ்டைனும் சேர்க்கப்பட்டது. சிற்றரசரின் கையொப்பம் இல்லாமலே அது இறைமையுள்ள நாடாயிற்று. பின்னர் ஜேர்மன் கூட்டிணைவில் உறுப்பாயிருந்து, 1866இல் அது கலைந்தபோது தனித்து நின்றது. அந்த ஆண்டிலே தீரோல் மலைக் கணவாய்க்கு அனுப்பப்பட்ட 80 வீரர் ஒரு சூடும் சுடாமல் 81 பேராகத் திரும்பினர் என்ற கதையை அந்நாட்டார் இன்றும் சொல்லி மகிழ்வர். 1868இல் படை கலைக்கப்பட்டது. செலவு தாங்க முடியாது என்பதே காரணம். உழவரின் வரிப்பணத்தில் அணிவகுப்பு நடத்துவதை எவரும் விரும்பவில்லை. அன்று தொடக்கம் இன்று வரை அந்நாட்டுக்குப் படையில்லை. பின்னால் ஒரு துப்பாக்கிதானும் இல்லாத கொடி அவர்களுடையது.

உறுதி மாறியது 1921இல். அந்த மாற்றத்தின் கதையில் நம் தொழிலைச் சேர்ந்த ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. திரீசன்பேர்க் என்னும் மலையூரிற் பிறந்து, சட்டம் பயின்று, சட்டத்தரணியாகிய வில்ஹெல்ம் பெக் என்பவர் 1914இல் 'மேல் ரைன் செய்திகள்' எனப் பொருள்படும் பெயரில் ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். 1918இல் நாட்டின் முதற் கட்சியை அமைத்தார். லீக்டன்ஸ்டைன் லீக்டன்ஸ்டைனருக்கே என்பது அவருடைய முழக்கம். வியன்னாவிலிருந்து அதிகாரி வந்து ஆள்வது போதும், நம்மவரே நம்மை ஆளவேண்டும் என்பது அதன் பொருள். சுவிற்சர்லாந்துக்குக் கூலி வேலைக்குப் போய், அங்கே ஊரவர் வாக்கிட்டுத் தம்மை ஆள்வதைக் கண்டு திரும்பிய தொழிலாளர் அவர் பின்னே நின்றனர். முதலாம் உலகப் போரின் முடிவில் ஒஸ்திரியப் பேரரசு சரிந்தது, அதன் நாணயம் செல்லாக் காசாயிற்று, சேமிப்புகள் கரைந்தன. 1918 நவம்பரில் வியன்னா அதிகாரி பதவி விட்டு விலகினார். 1920இல் வாடுஸ் கோட்டையிலே சிற்றரசரின் தரப்பும் மக்கள் கட்சியும் அமர்ந்து பேசி உடன்பாடு கண்டன. அதன் பயனாக 1921 அக்டோபர் 5ஆந் திகதியிட்ட அரசியலமைப்பு பிறந்தது. அன்று முதியவரான இரண்டாம் யோகானின் 81ஆம் பிறந்த நாள்.

அவ்வரசியலமைப்பின் முதற் சில உறுப்புரைகளைச் சட்டம் கற்றவர் மட்டுமல்லர், எவரும் நிதானமாக வாசித்தல் வேண்டும். வாடுஸ், ஷெலன்பேர்க் ஆகிய இரு பகுதிகளும் சேர்ந்த நாடு பிரிக்கவொண்ணாத, பராதீனப்படுத்தவொண்ணாத ஒரு முழுமை என்றது முதலாம் உறுப்புரை. பராதீனம் என்பது காணி உறுதிகளில் நாம் நாள்தோறும் காணும் சொல். விலைக்கு வாங்கப்பட்ட நாடு இனி விலைக்குப் போகாது என்று எழுதி வைத்தனர். அரச அதிகாரம் சிற்றரசரிலும் மக்களிலும் தங்கியுள்ளது என்றது இரண்டாம் உறுப்புரை. அதன் பிறகே, ஐந்தாம் உறுப்புரையில், கொடி வருகின்றது. அரச இலச்சினை சிற்றரசர் குடும்பத்தினுடையது; நாட்டின் நிறங்கள் நீலமும் சிவப்பும் என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு கூறுகள். ஆறாம் உறுப்புரை ஜேர்மன் மொழியே அரச மொழியும் அலுவல் மொழியும் என்கின்றது. அங்கே மக்கள் பேசும் மொழி அதுவேயாதலால் அவ்வுறுப்புரையினால் எவருக்கும் ஒரு குறையும் நேரவில்லை. இவ்விடத்தை இத்தீவில் வாழும் நாம் எந்த மனநிலையோடு வாசிக்கின்றோம் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் உறுப்புரையின் இரு கூறுகளையும் கவனிக்க. இலச்சினைக்கு உடையவர் குடும்பம். நிறங்களுக்கு உடையது நாடு. குடும்பத்தின் பொன்னும் சிவப்பும் குடும்பத்தோடே நின்றன. ஏவலாளரின் நீலமும் சிவப்பும் பொதுச்சொத்தாயின. 1764இல் சீருடையாக அணிவிக்கப்பட்ட துணி 1921இல் அரசியலமைப்பினால் மக்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. நீண்டகால ஆட்சியினால் வரும் உரிமைக்கும் எழுத்து உறுதியினால் வரும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை. அதிகாரம் எங்கே தங்கியுள்ளது என்பதை இரண்டாம் உறுப்புரையில் தீர்த்துக்கொண்டு ஐந்தாம் உறுப்புரையில் நிறத்தைப் பேசினார்கள். பெக்கும் அவருடைய தோழர்களும் கொடிக்காக ஊர்வலம் போய், அதிகாரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால் வாடுஸ் மக்களுக்கு அழகான துணி ஒன்று கிடைத்திருக்கும். வியன்னா அதிகாரியும் அங்கேயே இருந்திருப்பார்.

இதே காலத்தில் உலகம் அவர்களை எவ்வாறு மதித்தது? 1920இல் சர்வதேச சங்கத்தில் அங்கத்துவம் கேட்டனர். சட்டப்படி இறைமையுள்ள நாடுதான். ஆயினும் இறைமைக்குரிய சில அலுவல்களைப் பிறரிடம் ஒப்படைத்துள்ளது, படையும் இல்லை என்று காரணங் கூறிச் சங்கம் மறுத்துவிட்டது. சுங்கமும் தபாலும் அயலாரிடம் இருந்தமை உண்மையே. 1919இல் ஒஸ்திரியச் சுங்க உடன்படிக்கையை முறித்த லீக்டன்ஸ்டைன், 1923இல் சுவிற்சர்லாந்தோடு உடன்படிக்கை செய்து அதன் நாணயத்தையும் ஏற்றது. சுங்கத்தைப் பகிர்ந்துகொண்டவன் இறைமையை இழந்தவன் என்ற அந்தப் பழைய வாதம் காலத்தின் முன் நிற்கவில்லை. 1990இல் அதே லீக்டன்ஸ்டைன் ஐக்கிய நாடுகள் சபையின் 160ஆவது அங்கத்துவ நாடாகியது. சுவிற்சர்லாந்துச் சுங்க உடன்படிக்கையும் அப்படியே இருந்தது.

கொடியின் வரலாற்றில் மிகப் பெயர்பெற்ற நிகழ்ச்சி 1936இல் நேர்ந்தது. பேர்லின் ஒலிம்பிக் போட்டிக்கு இச்சிற்றரசும் விளையாட்டு வீரரை அனுப்பியது. அங்கேதான் தெரியவந்தது, மேலே நீலம் கீழே சிவப்பு என்ற அதே கொடி கடலுக்கு அப்பால் ஹெயிற்றித் தீவு நாட்டுக்கும் உண்டு என்று! சாதாரணமாக இக்கதையை வேடிக்கையாகச் சொல்லி விட்டுவிடுவர். நாம் விடப்போவதில்லை. இரண்டு துணிகளும் ஒன்றாயிருக்கலாம். இரண்டு உறுதிகளும் ஒன்றா?

ஹெயிற்றியர் பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களிலே அடிமைகளாய் உழைத்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள். 1791இல் கிளர்ந்தெழுந்து, நெப்போலியன் அனுப்பிய பெரும்படையையும் முறியடித்து, 1804 சனவரி முதல் நாள் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தனர். 1803 மே 18ஆந் திகதி ஆர்க்காயே என்னும் ஊரிலே தளபதி டெசலீன் பிரெஞ்சு மூவர்ணக் கொடியைப் பிடித்து அதன் நடுவே இருந்த வெள்ளையைக் கிழித்தெறிந்தார் என்றும், எஞ்சிய நீலத்தையும் சிவப்பையும் கதரீன் புளோன் என்னும் பெண் தைத்து இணைத்தாள் என்றும் அந்நாட்டு மரபு கூறும். மே 18 இன்றும் அங்கே கொடிநாள். நிமிர்ந்து நின்றிருந்த பட்டைகள் 1806இல் பெற்றியோனின் குடியரசிலே கிடையாக வைக்கப்பட்டன. அந்தக் கொடிக்காக அவர்கள் கொடுத்த விலை சாதாரணமானதன்று. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, தோட்டத்தையும் அடிமைகளையும் இழந்த எசமானருக்கு நட்ட ஈடாக 150 மில்லியன் பிராங் கேட்டது. விடுதலை பெற்றவன் தன்னை இழந்தவனுக்கு ஈடு செலுத்த வேண்டும் என்ற தத்துவத்தை எந்தச் சட்ட நூலில் கண்டார்களோ தெரியாது! 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை அந்நாட்டில் முகாமிட்டிருந்தது. அப்படை வெளியேறி இரண்டே ஆண்டில் வந்தது பேர்லின் ஒலிம்பிக்.

ஆகவே 1936இல் ஒரே துணிக்கு இரண்டு உறுதிகள் இருந்தன. எசமான் உடுத்திய சீருடையை உரிமையாக மாற்றிக்கொண்டவர்களின் உறுதி ஒன்று. எசமானின் கொடியைக் கிழித்துத் தமக்கென ஆக்கிக்கொண்டவர்களின் உறுதி மற்றொன்று. எது மூத்தது என்று கேட்டால் நம் தீர்ப்பு ஹெயிற்றியின் பக்கமே. ஒரு சுதந்திர நாட்டின் கொடியாக அது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பறந்துவிட்டது. லீக்டன்ஸ்டைனும் அதை ஒத்துக்கொண்டது போலவே நடந்தது. தன் கொடியைத் தானே மாற்றிக்கொண்டது. 1937 யூன் 24ஆந் திகதி நீலப் பட்டையிலே கம்பத்தின் பக்கமாகப் பொன்னிறச் சிற்றரச முடி ஒன்று சேர்க்கப்பட்டது.

வேறுபடுத்திக் காட்ட முடியைத் தவிர வேறு வழியில்லையா? இதே போன்ற நிலை மற்றொரு சிற்றரசுக்கும் பின்னர் வந்தது. மொனாக்கோவின் கொடி 1881இல் அமைந்த சிவப்பும் வெள்ளையும். கிறிமால்டி குடும்பத்தின் நிறங்கள். 1945இல் சுதந்திரங் கண்ட இந்தோனேசியாவின் கொடியும் சிவப்பும் வெள்ளையுமே. நீள அகல அளவிலன்றி வேறுபாடில்லை. இருவரும் ஒன்றையும் சேர்க்காமல் இன்றுவரை அப்படியே ஏற்றி வருகின்றனர், உலகம் குழம்பிவிடவில்லை. லீக்டன்ஸ்டைனரும் விரும்பியிருந்தால் ஒரு நட்சத்திரத்தையோ மலைமுகட்டையோ சேர்த்திருக்கலாம். முடியைத் தேர்ந்தமையால், 1921இல் பிரித்து எழுதப்பட்ட இரு கூறுகளும் மீண்டும் கலந்தன. நாட்டின் நிறத்தின் மேல் குடும்பத்தின் அடையாளம் வந்து அமர்ந்தது. பொதுக்காணியில் பழைய உடையவர் ஒரு சிறு மதில் கட்டிக்கொண்டது போன்ற செயல் இது. சட்டக் கண்ணோடு பார்த்தால் இதனை நாம் ஏற்பதற்கில்லை.

ஆயினும் அந்தக் காலத்தையும் மறந்துவிடலாகாது. 1938 மார்ச்சில் ஹிட்லர் ஒஸ்திரியாவை விழுங்கினார். எல்லைக்கு அப்பால் பெல்ட்கேர்ச் நகரிலே சுவஸ்திகாக் கொடி ஏறியது. உள்நாட்டிலேயும் ஜேர்மனியோடு சேரவேண்டும் என்று ஓர் இயக்கம் எழுந்தது. பேசும் மொழி ஒன்று, ஆகவே கொடியும் ஒன்றாகட்டும் என்பது அவர்கள் வாதம். 1939 மார்ச் 24ஆந் திகதி ஆட்சியைக் கைப்பற்ற முயன்று தோற்றனர். அதே ஆண்டு மே மாதத்தில் மக்கள் வாடுஸிலே திரண்டு புதிய சிற்றரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தனர். 1699இல் பெண்டேர்ன் குன்றிலே செய்த பிரமாணம் வாங்கப்பட்டவர்களின் பிரமாணம். 1939இல் செய்தது வேறு. அயலிலே பேரரசு ஒன்று வாயைத் திறந்துகொண்டு நிற்கையில், தாம் வேறு நாட்டவர் என்று உலகறியக் கூறுவதற்கு அவர்களிடம் இருந்த ஆயுதங்கள் இரண்டே: தமக்கென ஓர் அரசர், தமக்கென ஒரு கொடி. அப்போது அந்த முடி சுமையாகத் தோன்றியிராது.

முடியைப் பற்றி இன்னொரு செய்தி. 1623இல் முதலாம் கார்ல் செய்வித்த குடும்ப முடி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே காணாமற் போய்விட்டது. கொடியிலே முடி ஏறிய 1937இல் அணிவதற்கு ஒரு முடி கோட்டையில் இல்லை. 1976இல் சிற்றரசரின் 70ஆம் பிறந்த நாளுக்கு நாட்டு மக்கள் அதே வடிவில் ஒன்று செய்வித்துப் பரிசாகக் கொடுத்தனர். பழைய முடியைக் குடும்பம் தொலைத்தது. புதியதை மக்கள் கொடுத்தனர். 1982 யூன் 30ஆந் திகதிச் சட்டம் கொடியின் வடிவை நுணுக்கமாக வரையறுத்தது. செங்குத்தாகத் தொங்கவிடும் கொடியிலும் முடி நிமிர்ந்தே நிற்கும்படி திருப்பி வைக்கவேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. குடும்பத்துக்கு உரிய பொன்-சிவப்புக் கொடி தனியே உள்ளது. 1921ஆம் ஆண்டின் பிரிவினை முற்றாக அழிந்துவிடவில்லை என்பதற்கு அது சான்று.

இவற்றையெல்லாம் சொல்லும்போது அந்நாட்டை ஒரு பொன்னுலகமாகக் காட்டுவது நம் நோக்கமன்று. அரச அதிகாரம் மக்களில் தங்கியுள்ளது என்று 1921இல் எழுதியவர்கள் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது 1984இல். அதற்கு முன்னர் 1971இலும் 1973இலும் ஆடவர் வாக்கிட்டு மறுத்தனர். அறுபத்து மூன்று ஆண்டுகள் அந்த மக்கள் என்ற சொல்லுக்குள் பாதி மக்கள் இல்லை. 1955இல் சர்வதேச நீதிமன்றம் தீர்த்த நொற்றபோம் வழக்கும் சட்ட மாணவர் அறிந்ததே. குவாத்தமாலாவில் நெடுங்காலம் வாழ்ந்த ஒருவர் 1939இல் கட்டணஞ் செலுத்தி லீக்டன்ஸ்டைன் பிரசாவுரிமை பெற்றிருந்தார். அவருக்காக வழக்காடிய லீக்டன்ஸ்டைன் தோற்றது. பிரசாவுரிமை என்பது உண்மையான பிணைப்பின் மேல் நிற்கவேண்டும், கடதாசி மட்டும் போதாது என்றது நீதிமன்றம். மண்ணோடு பிணைப்பில்லாமல் மண்ணை வாங்கிய குடும்பத்தின் பெயரைச் சுமக்கும் நாட்டுக்கு இப்படியொரு தீர்ப்பு!

2003ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தையும் நாம் முழுமனதோடு புகழ்வதற்கில்லை. இரண்டாம் ஹன்ஸ்-ஆதாம் சிற்றரசர் தமது திருத்தங்களை மக்கள் ஏற்காவிடின் வியன்னாவுக்கே போய்விடுவதாகக் கூறிச் சர்வசன வாக்கெடுப்பை எதிர்கொண்டார். 64 சதவீதத்தினர் அவருக்கு இசைந்தனர். சட்டங்களைத் தடுக்கும் அதிகாரமும் அரசாங்கத்தை விலக்கும் அதிகாரமும் அவர் கையில் வலுவாக நின்றன. ஐரோப்பிய மன்றத்தின் சட்ட வல்லுநர் குழு இதனைக் கண்டித்தது. 2012இல் அத்தடையதிகாரத்தைக் குறைக்கக் கொணர்ந்த யோசனையையும் 76 சதவீதத்தினர் மறுத்தனர். போய்விடுவேன் என்று மிரட்டி வாக்குக் கேட்பது எந்த நாட்டிலும் நல்ல முன்மாதிரியாகாது.

ஆனால் அதே திருத்தத்தில் நம் கண்ணை நிறுத்தும் இரண்டு இடங்கள் உண்டு. பிரிக்கவொண்ணாத முழுமை என்ற 1921ஆம் ஆண்டு வாசகம் முதலாம் உறுப்புரையிலிருந்து நீங்கியது. இரண்டு பகுதிகளும் பதினொரு ஊர்ச்சபைகளும் சேர்ந்த அரசிணைப்பு என்றும், தன் எல்லைக்குள் வாழும் மக்கள் சுதந்திரமாகவும் சமாதானமாகவும் கூடி வாழ்வதற்கு அது உதவவேண்டும் என்றும் புதிய வாசகம் எழுதப்பட்டது. நான்காம் உறுப்புரையோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. விரும்பும் ஊர், தன் வாக்காளரின் பெரும்பான்மை முடிவின் பேரில், அரசிணைப்பிலிருந்து விலகும் நடவடிக்கையைத் தொடங்கலாம் என்று வெளிப்படையாக எழுதி வைத்தது. சுயநிர்ணய உரிமையைச் சுயநிருவாகத்தின் வழியே நிறைவேற்றலாம் என்ற யோசனையை ஐக்கிய நாடுகள் சபையில் 1990களில் எழுப்பிய அதே சிற்றரசர், தன் வீட்டிலேயே அதற்கு இடம் வைத்தார். பிரிவினை என்ற சொல்லைக் கேட்டவுடன் நாடு உடைந்துபோகும் என்று நடுங்குவோர் 160 சதுர கிலோமீற்றர் நாட்டின் இந்த உறுப்புரையை ஒருமுறை வாசித்தல் நன்று. உடைவதற்கு அங்கே இடமும் மிகச் சிறிது. அச்சமும் மிகச் சிறிது.

பதினொரு ஊர்களுக்கும் தனித்தனி இலச்சினை உண்டு. அவற்றுள் மிகச் சிறியது பிளாங்கன் என்னும் மலையூர். அங்கே வாழ்வோர் சில நூறு பேரே. தலைநகராகிய வாடுஸுக்கு உள்ள அதே விலகும் உரிமை நான்காம் உறுப்புரையின்படி அதற்கும் உண்டு. 2003 தொடக்கம் இன்றுவரை பிளாங்கனோ வேறெந்த ஊரோ அவ்வுரிமையைப் பயன்படுத்தக் கேட்டதில்லை.